‘விதிவழிப் பறிப்பு’ சரிவருமா? ரெகுலேட்டரி டேக்கிங்குக்குத் தமிழ்ச்சொல்

> ரெகுலேட்டரி டேக்கிங் (அரசு சொத்தை நேரடியாக எடுக்காமல் விதி போட்டே அதன் பயனைக் கெடுத்தாலும், அது இழப்பீடு தர வேண்டிய ‘எடுத்தல்’தான் என்னும் அமெரிக்கச் சட்டக் கருத்து) என்பதற்கு ‘விதிவழிப் பறிப்பு’ என்று போடலாமா? தனிமனிதச் சுதந்திரமும் சொத்துரிமையுமே முதல் என்னும் லிபர்டேரியன்கள் அரசு போடும் வணிகத் தடைகளைக் கிட்டத்தட்ட திருட்டு என்றுதானே பார்க்கிறார்கள். ‘கையகப்படுத்தல்’ ரொம்பச் சாதுவாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

‘விதிவழி’ அருமை, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ‘பறிப்பு’தான் இடிக்கிறது. பறித்தான் என்று சொன்னதுமே வழக்கு முடிந்துவிடுகிறது, எடுத்தவன் குற்றவாளி. லிபர்டேரியன் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் எப்ஸ்டைன் மாதிரி ஒருவர் எழுதினால் பொருந்தும், ஆனால் அதே சொல்லை நீதிபதியும் அரசுத் தரப்பு வக்கீலும் பயன்படுத்தியாக வேண்டுமே. கலைச்சொல் ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

‘கையகப்படுத்தல்’ எனக்கும் வேண்டாம், ஆனால் காரணம் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1922 பென்சில்வேனியா நிலக்கரி வழக்கைப் பாருங்கள். கம்பெனி 1878இல் மேல்நிலத்தை மட்டும் விற்றுவிட்டு, அடியில் கிடந்த கரியை வெட்டும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தரை உள்வாங்கினால் நஷ்டம் என்னோடு என்று வாங்கியவரும் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். 1921இல் மாநிலச் சட்டம் ஒன்று வந்தது, குடியிருக்கும் வீடு உள்வாங்கும்படி அடியில் கரி வெட்டக் கூடாது என்று. அரசு ஒரு கூடை கரியைக்கூட அள்ளிப்போகவில்லை, பத்திரமும் கம்பெனி பெயரில்தான் இருந்தது. ஆனால் வெட்ட முடியாத கரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டுப்பாடு அளவு மீறினால் அதுவும் டேக்கிங்தான் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார், சக நீதிபதி பிராண்டைஸ் மட்டும் மறுத்தார். அரசின் கைக்கு எதுவுமே வராத இடத்தில் ‘கையகம்’ எங்கிருந்து வரும்?

‘எடுப்பு’ போதும் என்பது என் கட்சி. நம் வருவாய்த் துறையில் ‘நில எடுப்பு தனி வட்டாட்சியர்’ என்று பலகையே தொங்குகிறது, புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். விதிவழி எடுப்பு. (எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள், வரட்டும்.)

---

> எடுப்பு சரி, தம்பி. கலிபோர்னியா உலர்திராட்சை வழக்கையும் இதன் கீழேயே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா, அது நேரடி எடுப்பு. விலை சரியாமல் இருக்க, விளைச்சலில் ஒரு பங்கை ஒதுக்கி, அரசு அமைத்த உலர்திராட்சைக் கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1949 முதல் ஓர் ஆணை இருந்தது. ஒதுக்கிய பங்கு 2002–03இல் 47 விழுக்காடு, அடுத்த ஆண்டு 30. உலர்திராட்சை விவசாயிகளான ஹார்ன் குடும்பம், சரக்கை எடுக்க வந்த லாரியை உள்ளேயே விடவில்லை. அதற்குச் சரக்கு விலையாக 4,80,000 டாலர், அபராதமாக இன்னும் 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது, ஏனென்றால் சரக்கின் உடைமையே கமிட்டிக்குப் போய்விடுகிறது.

இதில் வேடிக்கை, ‘இவ்வளவுக்கு மேல் விற்காதே’ என்று மட்டும் அரசு சொல்லியிருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது. விதி அளவு மீறியதா என்று வேறு அளவுகோலில் போராடியிருக்க வேண்டும். விவசாயிக்கு நஷ்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், அப்புறம் எதற்கு இந்தப் பிரிவினை என்று லிபர்டேரியன்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வைத்திருப்பது, பயன்படுத்துவது, விற்பது எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு உடைமை. விற்பதைத் தடுத்தால் அந்தப் பங்கை எடுத்தாயிற்று, அதற்கு இழப்பீடு கொடு என்பது எப்ஸ்டைன் 1985இல் வைத்த வாதம். ‘பகுதி எடுப்பு’ என்று சொன்னால் அதுவும் சிரமமில்லாமல் வருகிறது, ‘பகுதிப் பறிப்பு’ என்றால் பாதித் திருட்டு போல ஒலிக்கிறது.

அவர் முழுவதும் சரி என்று நான் சொல்லவில்லை. அடுத்தவருக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் விதிக்கு இழப்பீடு வேண்டாம் என்று அவரே விலக்கு தருகிறார், ஆனால் எது தொல்லை என்பதில்தான் சண்டையே. பிராண்டைஸ் வீடு உள்வாங்குவதையும் தொல்லைக் கணக்கில்தான் வைத்தார்.

தடுக்கும் அந்த அதிகாரத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் போலீஸ் பவர் என்று பெயர். அதைக் ‘காவல்துறை அதிகாரம்’ என்று எழுதிவிடாதீர்கள், லத்தி ஞாபகம் வரும். ‘பொதுநலக் காப்பதிகாரம்’ என்று வைத்துப் பார்க்கிறேன், நீளமாகத்தான் இருக்கிறது, சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.