ஸ்டோல் ஸ்பீட் சூட்டுக்குக் கூடுமா? நாளைக்கு எக்ஸாம், அவசரம்

வாவிக்கரைப் பொடியன்:
பைலட் எக்ஸாம் மாதிரித்தாளில் ஒரு கேள்வி. வெயில் கூடின நாளில், உயரமான ஓடுபாதையில் ஸ்டோல் ஸ்பீட், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்காமல் விடுகிற வேகம், என்ன ஆகும்? கூடும் என்று போட்டேன், பிழையாம். காற்றின் அடர்த்தி குறைந்தால் லிஃப்ட் (மேலே தூக்கும் விசை) குறையும், அப்போ வேகம் கூடத்தானே வேணும்? யாராவது டக்கென்று சொல்லுங்கோ.

ஏறாவூர் நானா:
எந்த விமானம் தம்பி? என்ன எடை? விடைகள் நாலையும் போடுங்கள்.

கல்லடிக்காரன்:
இண்டிகேட்டட் ஸ்பீடா (டயல் முள் காட்டுவது), ட்ரூ ஸ்பீடா (காற்றுக்குள் உண்மையாக ஓடுவது) மச்சான்? அது தெரியாமல் பதில் இல்லை.

காரைதீவுக் காத்து:
சூட்டை விடுங்கள். நம்ம பக்கம் பிரச்சினை ஈரப்பதன்தான். வாவிக் காற்று ஈரமாகிக் கனத்துப் போகும், அதனால் லிஃப்ட் கூடும்.

ஏறாவூர் நானா:
தலைகீழ். நீராவி உலர்ந்த காற்றைவிட லேசு. ஈரம் கூடினால் அடர்த்தி குறையும், அதுவும் கொஞ்சம்தான்.

பழைய பறவை:
முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற விஷயம். இதையே கேட்கிறவர்கள் ஓட்டப் போகிறார்கள் என்றால் நான் கொழும்புக்கு உதயதேவி ரயிலில்தான் போவேன்.

கல்லடிக்காரன்:
நீங்கள் எப்போதும் அதில்தானே போறீங்கள் சேர்.

வாவிக்கரைப் பொடியன்:
செஸ்னா 172 எஸ். விடைகள்: கூடும், குறையும், மாறாது, ஃப்ளாப்பைப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) பொறுத்தது.

ஏறாவூர் நானா:
எந்த ஸ்பீட் என்று இன்னும் சொல்லவில்லையே!

கல்லடிக்காரன்:
சரி, இரண்டுக்கும் சொல்கிறேன். இறக்கை ஸ்டோல் ஆவது ஏங்கிள் ஒஃப் அட்டாக் (எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் கோணம்) எல்லை தாண்டும்போது. பயிற்சி விமானங்களில் அது 15, 16 பாகை அளவில் வரும். அந்தக் கோணத்தில் லிஃப்ட் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் அமுக்கம். எதிர்க்காற்றைப் பிடிக்கும் பிட்டோ குழாய் வேக முள்ளை நகர்த்துவதும் அதே அமுக்கத்தால்தான். காற்று மெலிந்தால் இறக்கைக்குக் குறைகிற அளவுக்கு முள்ளுக்கும் குறைகிறது.

172 எஸ்ஸின் டயலைப் பார். பச்சை வில் தொடங்குவது 48 நொட்டில். முழு எடை, ஃப்ளாப் இல்லை, இறக்கை மட்டமாக இருந்தால் ஸ்டோல் அங்கேதான், கடல் மட்டமானாலும் 5000 அடியானாலும். ஆனால் 5000 அடியில் அந்த 48இல் நீ காற்றுக்குள் உண்மையாக ஓடுவது 52 நொட் அளவில். ட்ரூ ஸ்பீட் கூடுகிறது, இண்டிகேட்டட் மாறாது.

ஏறாவூர் நானா:
இதோடு ஒன்று. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மட்டக்களப்பில் 34 பாகை என்று வை. கடல் மட்டத்தில் நியம வெப்பநிலை 15. கூடின ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி போட்டால், வாவிக்கரை ஓடுபாதையே விமானத்துக்கு 2300 அடி உயரம் மாதிரி. முள் அதே எண்ணில் நின்றாலும் நிலத்தில் ஓடும் வேகம் கூட, எஞ்சின் பலமும் குறைவு. ஓடுபாதை நீளமாக வேணும். ஸ்டோல் ஸ்பீட் டயலிலேயே ஏற வேண்டுமென்றால் எடையைக் கூட்டு, அல்லது பேங்க் போடு (திரும்புவதற்கு இறக்கையைச் சாய்). உயரம் இழக்காமல் 60 பாகை பேங்க் என்றால் சுமை இரண்டு மடங்கு, 48 நொட் 68 ஆகும்.

காரைதீவுக் காத்து:
லிஃப்ட் எல்லாம் பேர்னூலிதான், வேகம் கூடினால் அமுக்கம் குறையும். மேல் பக்கம் வளைவு, தூரம் கூட. கீழே போன காற்றோடு பின்விளிம்பில் ஒன்றுசேர மேல்காற்று ஓடியாக வேணும்.

கல்லடிக்காரன்:
ஒன்றுசேர வேணும் என்று எந்த விதி சொல்கிறது? மேல்காற்று முந்தியே போய்விடும். வேகமும் அமுக்கமும் சரி, காரணம்தான் பிழை. இறக்கை காற்றைக் கீழே திருப்புகிறது, அது நியூட்டன் கணக்கு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய பறவை:
பேர்னூலியும் நியூட்டனும் சண்டை பிடிக்கவில்லை, நீங்கள்தான் பிடிக்கிறீர்கள். இரண்டும் ஒரே காற்றோட்டத்தின் இரண்டு கணக்கு.

வாவிக்கரைப் பொடியன்:
கேள்வியில் இண்டிகேட்டட் என்றுதான் இருக்கு. விடை மாறாது. நன்றி அண்ணாமார்.

காரைதீவுக் காத்து:
மேல் வளைவு இல்லாமல் லிஃப்ட் வருமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கல்லடிக்காரன்:
மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கையோடு சாகச விமானங்கள் தலைகீழாகவே பறக்குதே. கோணம் கொடுத்தால் போதும்.

காரைதீவுக் காத்து:
அது சாகசம், இது செஸ்னா.