ஸ்லீப்பிங் பேக் இருந்தும் குளிருது, என்ன பண்றது?

மன்னார்குடி தம்பி:
போன டிசம்பர்ல கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல டென்ட் போட்டு படுத்தோம், ஸ்லீப்பிங் பேக்ல 5 டிகிரி குளிர் வரைக்கும்னு போட்டிருந்துச்சு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முதுகு ஜில்லுன்னு ஆகி விடியுற வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல. இந்த வருஷம் தங்கச்சியும் வர்றேங்குறா, அவ நடுங்கக் கூடாது. சொல்லுங்கண்ணே.

வலங்கைமான்:
தம்பி, அடியில என்ன விரிச்சீங்க? பேக் தானா சூடு தராது, நம்ம உடம்புச் சூட்டைப் பஞ்சுக்குள்ள நிக்கிற காத்துல பிடிச்சு வைக்கும், அவ்ளோதான். படுத்ததும் முதுகுக்குக் கீழ பஞ்சு அமுங்கி காத்து போயிடும், அப்புறம் தரை சூட்டை உறிஞ்சிடும். தை மாசம் களத்துல நெல்லுக்குக் காவல் படுக்கிறப்ப அப்பா வைக்கோலை நல்லா கனமா பரப்பி மேல சாக்கு போடுவார், விடியக்காலம் போர்வை மேல பனி முத்து முத்தா நிக்கும், முதுகு மட்டும் கதகதன்னு இருக்கும். அதே கணக்குதான். ஃபோம் மேட் கட்டாயம்.

கும்பகோணம் அக்கா:
அந்த 5 டிகிரி கம்ஃபர்ட்டா லிமிட்டான்னு பாருங்க, கம்ஃபர்ட்னா குளிராம நிம்மதியா தூங்குற அளவு, லிமிட்னா சுருண்டு படுத்து சமாளிக்கிற அளவு, தங்கச்சிக்கு கம்ஃபர்ட் நம்பரைத்தான் பாக்கணும். தலையை உள்ள விட்டு மூச்சு விடாதீங்க, பேக் ஈரமாயிடும், குல்லா போட்டுக்கங்க. பகல்ல நடந்த சாக்ஸைக் கழட்டிட்டு காஞ்சது மாத்துங்க. வெந்நீர் பாட்டிலை இறுக்கி மூடி துணி சுத்தி கால்மாட்டுல வைங்க.

மன்னார்குடி தம்பி:
பிளாஸ்டிக் பாய்தான் விரிச்சோம்ணே, இப்பதான் புரியுது. மேட் ரெண்டு வாங்கிடுறேன், ரொம்ப நன்றிக்கா.