பழைய வீணை வாங்கலாமா? கீழ் மெட்டுல ஜிர்ர்னு இரையுது

திருச்சி அம்மா:
பொண்ணு வாடகை வீணைல கத்துக்குறா, வர்ணம் வரைக்கும் வந்துட்டா, டீச்சர் இனி சொந்தமா வாங்கிடுங்கனுட்டாங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுல அவங்க பாட்டி வாசிச்ச தஞ்சாவூர் வீணை, 40 வருஷம் ஆச்சாம், ஏகாண்டம்னு (ஒரே கட்டைல குடைஞ்சதுனு) 35 ஆயிரம் சொல்றாங்க. போய்ப் பாத்தேன். சாரணில, அதான் முதல் தந்தில, 3, 4வது மெட்டுல (தந்திக்கு அடில இருக்குற குறுக்குக் கம்பில) அமுக்குனா ஜிர்ர்னு இரையுது, மேல போகப்போக ஸ்வரம் கொஞ்சம் தூக்கலா நிக்குது. நுனில இருக்குற யாளித் தலைக்குப் பல்லு வெள்ளையா பதிச்சிருக்கு, அழகுதான். இதை வாங்கி ரிப்பேர் பண்றதா, புதுசுக்கு ஆர்டர் குடுக்குறதா?

தஞ்சாவூரான்:
இரைச்சலுக்கெல்லாம் பயப்படாதீங்கக்கா. 24 மெட்டும் மெழுகுலதான உக்காந்திருக்கு, நாளாக நாளாக இறங்கத்தான் செய்யும், மேளம் கட்டுறவர்ட்ட, அதான் மெட்ட மெழுகுல பதிக்கிறவர்ட்ட, குடுத்தா சரியாயிடும். மரம் போச்சுன்னாதான் போச்சு. யாளிப் பக்கத்துலேர்ந்து ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு தண்டிய, அதான் நீளமான கழுத்துப் பகுதிய, நீளவாக்குல பாருங்க, வளைஞ்சிருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. உருண்டையா இருக்குற குடத்த விரல் முட்டியால சுத்தித் தட்டுங்க, ஒரு இடத்துல மட்டும் சத்தம் செத்தாப்ல வந்தா விரிசல் இருக்கானு தேடுங்க. கீழ மாவு மாதிரி கொட்டியிருந்தா வண்டு.

வீணைப் பைத்தியம்:
ஏகாண்டம்னு சொன்னதும் நம்பிடாதீங்க மேடம், குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டைல குடைஞ்சிருக்கணும். ஒட்டு வீணைல அந்த சேர்ற இடத்த அலங்காரப் பட்டை மூடியிருக்கும், அதனால பின்னாடி திருப்பி டார்ச் அடிச்சு மர ரேகை விட்டுப்போகாம ஓடுதானு பாருங்க. ஒட்டுனா மட்டம்னு இல்ல, என்னுதும் ஒட்டுதான், ஏகாண்ட விலை குடுக்காதீங்க, அவ்ளோதான். அப்புறம் 12வது மெட்டுக்கு நேரா தந்திய லேசாத் தொட்டு மீட்டுங்க, அப்புறம் அமுக்கி மீட்டுங்க, ரெண்டும் அதே மேல் ஸட்ஜமா வரணும், வரலைனா மெட்டோ, குடத்து மேல தந்தியத் தாங்குற குதிரையோ இடம் மாறியிருக்கு.

கும்பகோணம் மாமா:
அந்தப் பல்லு என்னனு முதல்ல கேளும்மா. பழைய வீணைல யானைத் தந்தம், மான்கொம்பு வச்சிருப்பா, அத விக்கறதும் வாங்கறதும் சட்டப்படி குத்தம்.

திருச்சி அம்மா:
மேளம் கட்டுறவரையே கூட்டிட்டுப் போய்ட்டேன். பல்லு பிளாஸ்டிக்தானாம் மாமா. தண்டி நேரா இருக்கு, ஆனா பட்டைக்கு அடில ஒட்டு கோடு பளிச்சுனு தெரியுது. அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியல பாவம். பேசி 22க்கு முடிச்சாச்சு! நாளைக்கு மத்தியானம் கார் டிக்கில வச்சு கொண்டுவரலாம்ல?

தஞ்சாவூரான்:
அய்யோ டிக்கி வேணாங்க்கா, மத்தியான வெயில்ல மெழுகு இளகிடும். காலைல போய் பின்சீட்டுல மடில வச்சுக் கொண்டாங்க.