ஆப்பிரிக்க நத்தை: பொறுக்கினால் மட்டும் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

வாளி வாளியாகப் பொறுக்கிக் கொட்டிய பிறகும் அடுத்த மழைக்கு அதே கூட்டம் ஏன் வருகிறது? விடை மண்ணுக்குள் இருக்கிறது. ஈரச் சருகைக் கிளறினால் இரண்டு விரல் ஆழத்தில் வெளிர்மஞ்சளாக, மிளகளவில் முட்டைகள் குவிந்து கிடக்கும். ஒரு தடவைக்கு 100, 200, சில சமயம் 400 கூட. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒருமுறை இணைந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் இடும். அதனால் ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும்.

வெயில் காலத்தில் காணவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம். ஓட்டின் வாயை வெள்ளைப் படலத்தால் அடைத்துக்கொண்டு, சுவர் இடுக்கிலும் கல்லடியிலும் மாதக்கணக்கில் உறங்கும். என்னைக் கேட்டால், தேடிப் பிடிக்கத் தோதான காலம் அதுதான்.

மழைக்காலத்தில் சாயங்காலம் நனைந்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைகோசு இலையோ வையுங்கள். விடியுமுன் சாக்கைப் புரட்டி, அடியில் சேர்ந்த நத்தைகளை எடுத்துவிட வேண்டும். கட்டாயம் கையுறை போடுங்கள். எலியின் நுரையீரல் புழு இந்த நத்தை வழியாக மனிதருக்குப் பரவி, மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தே சாப்பிட வேண்டும்.

பிடித்ததை 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பு கரைத்த வாளியில் போட்டு மூடுங்கள். மூடாவிட்டால் ஏறி வெளியே வந்துவிடும். மறுநாள் உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, ஓட்டை நொறுக்கி முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். முழு ஓட்டில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும். உப்பைச் செடியடியில் தூவவே கூடாது, நத்தைக்கு முன் மண் கெட்டுப்போகும்.

மெட்டால்டிஹைடு என்ற நச்சுக் குருணை நத்தையின் நீரை வற்றவைத்துக் கொல்வது. போட்ட இரவே மழை பெய்தால் சோர்ந்து கிடந்த நத்தை தேறி எழுந்துவிடும். நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. இரும்பு பாஸ்பேட் குருணை அதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் நத்தை சாக நாலைந்து நாள் ஆகும்.

ஆப்பிரிக்க நத்தையைத் தின்னும் என்று வேறொரு நத்தையைக் கொண்டுவந்து விடும் யோசனையை யாரும் ஆதரிக்காதீர்கள். 1955இல் ஹவாயிலும், 1977இல் பசிபிக் கடலின் மோரியா தீவிலும் ரோசி ஓநாய் நத்தையை விட்டார்கள். மோரியாவில் அது அந்த மண்ணுக்கே உரிய பார்ட்டுலா நத்தைகளைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது. ஆப்பிரிக்க நத்தை குறைந்தபாடில்லை.

அமெரிக்காவின் மயாமியில் 1966இல் ஒரு சிறுவன் கொண்டுவந்த மூன்று நத்தையிலிருந்து ஏழே ஆண்டில் 18,000க்கு மேல் பெருகின. அவற்றை ஒழித்த பின்னும் 2011இல் அங்கே மறுபடி தலைகாட்டின. அந்தத் தடவை ஒழித்துமுடிக்கப் பத்து ஆண்டு பிடித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பொறுக்கிப் பயனில்லை, பக்கத்து வீடுகளும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். தொட்டிச் செடியோ மண்ணோ இடம் மாற்றும் முன், தொட்டியைச் சாய்த்து அடித்துளையையும், கிளறி மேல்மண்ணையும் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் அது ஊர் விட்டு ஊர் போகிறது.