பாண்டி–கடலூர் ரோட்டில் தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சஸ்பென்ஷன்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை, ஆடி டிடி (இரண்டாம் தலைமுறை):

ஷாக் அப்சார்பர் எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாலே போதும், "காயில்ஓவர் போட்டு நல்லா இறக்கிவிடு" என்று பத்துப் பேர் சொல்வார்கள் (காயில்ஓவர் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தை மாற்றக்கூடிய செட்). நான் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனேன். கம்பெனி ஸ்பிரிங்கையும் உயரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஷாக்கை மட்டும் பில்ஸ்டைன் பி6-க்கு மாற்றினேன். எனக்கு முழுத் திருப்தி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

வேலை கடலூர் சிப்காட்டில். மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், அப்புறம் ரெட்டிச்சாவடி, மஞ்சக்குப்பம் என்று தினமும் போய் வருகிற ரோடு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது குறுக்கே கொட்டிய சிமென்ட் வரப்பு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, தண்ணீர் குளமாக நின்ற இடங்களில் தார் பெயர்ந்து, அதன் மேல் ஒட்டுப் போட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டு. இந்த ரோட்டில் காரை இறக்கினால் முதலில் போவது சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம். அது தீர்ந்ததும், அதன் எல்லையில் தடுப்பாக இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். இறக்கிய காரில் "தூக்கிப் போடுது" என்று சொல்கிறோமே, பல நேரம் அது ஸ்பிரிங்கின் கடினமே இல்லை. பம்ப் ஸ்டாப்பில் விழும் இடிதான்.

பில்ஸ்டைனின் எண்களில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பி4 கம்பெனி ஷாக்குக்கு நிகரான மாற்று. பி6 அதே நீளத்தில், கூடுதல் இறுக்கத்தோடு வருவது. பி8 தண்டின் நீளம் குறைந்தது, இறக்கிய ஸ்பிரிங்குக்கானது. பி8-ஐயும் ஐபாக் பிராண்டின் இறக்கும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் பி12. பி14-ல் உயரத்தை மாற்றலாம். பி16-ல் உயரத்தோடு ஷாக்கின் இறுக்கத்தையும் மாற்றலாம். கம்பெனி ஸ்பிரிங்கோடு பி8 போடச் சொல்லி ஒரு கடையில் வற்புறுத்தினார்கள். தினசரி ஓட்டத்துக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

பி6 ஒற்றைக் குழாய் வகை. எண்ணெயையும் அழுத்தமான வாயுவையும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. அதனால் மேடுபள்ளத்தில் தொடர்ந்து அடி வாங்கினாலும் எண்ணெய் நுரைக்காது. முன்பு அரியாங்குப்பம் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் கார் இன்னொரு முறை எழும்பி ஆடும். இப்போது ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங்கில் வரும் நம்பிக்கையே வேறு. குறையும் உண்டு. மிஷன் வீதி மாதிரி இடத்தில் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன விளிம்புகள் எல்லாம் இருக்கையில் தெரியும். அதற்குத் தயாராக இருப்பவர்கள்தான் இதை வாங்க வேண்டும்.

டிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் காரில் மேக்னடிக் ரைடு (மின்சாரத்தால் இறுக்கம் மாறும் ஷாக்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் ஷாக்கைக் கழற்றிச் சாதாரண ஷாக் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கத் தனி மின்னணுப் பாகம் வேண்டும். இன்னொன்று, இதே அடித்தளத்தில் வந்த கோல்ஃப் வகைக் கார்கள் சிலவற்றில் முன் ஸ்ட்ரட் (சக்கரத்தோடு இணையும் ஷாக் தூண்) மாட்டும் பிடியின் விட்டம் 50 மி.மீ., சிலவற்றில் 55 மி.மீ. அளவெடுக்காமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

மஞ்சக்குப்பம், போலோ ஜிடி டிஎஸ்ஐ:

அண்ணன் சொன்னதை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். நான் வாங்கும்போதே கார் இறங்கித்தான் இருந்தது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, ஷாக்கைக் கம்பெனியுடையதாகவே விட்டிருந்தார். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் "டொக்".

இறக்கினால் வளைவில் சாயாது என்ற நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் அது பாதி உண்மைதான். கார் இறங்கும்போது எடை மையம் கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறுவதால், ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடினால் காரைச் சாய வைக்கும் நெம்பு விசையும் கூடும். அதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும், அப்புறம் அந்த ஸ்பிரிங்கை அடக்க வேறு ஷாக் வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து, புது ஷாக்கோடு போட்டேன். அம்மா இப்போது இந்தக் காரில் சிதம்பரம் வரை முனகாமல் வருகிறார்.

பி6-ன் மெதுவேகக் கடினம் வேண்டாம் என்பவர்கள் கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் பற்றி விசாரியுங்கள். வேகமாக வரும் சின்ன அதிர்வுகளுக்குத் தானாகவே இளகி, உடல் மெதுவாக ஆடும்போது இறுகுகிற வால்வு அதில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் காரில் உட்கார்ந்து போனேன். நம் ஊருக்கு அதுதான் சரி என்று தோன்றியது.

காலாப்பட்டு, ஆக்டேவியா ஆர்எஸ்:

நான் மறுபக்கம். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டுவேன், வார நாளில் அதே கார்தான் அலுவலகத்துக்கும். அதனால் கேடபிள்யூ பிராண்டின் வேரியன்ட் 3 காயில்ஓவர். ஷாக் அமுங்குவதையும் திரும்பி நீள்வதையும் தனித்தனியாகச் சரி செய்துகொள்ளலாம். வேரியன்ட் 2-ல் உயரத்தோடு நீள்வதை மட்டும், வேரியன்ட் 1-ல் உயரத்தை மட்டும். தடத்துக்குப் போகாதவர் மூன்றாவதற்குச் செலவழிப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது உப்புக் காற்றைப் பற்றி. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இங்கே காயில்ஓவர் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குழாய் என்ன உலோகம் என்பதுதான். கேடபிள்யூ வேரியன்ட் வரிசை துருப்பிடிக்காத எஃகில் வருகிறது. அதே குழுமத்தின் எஸ்டி பிராண்டில் துத்தநாகப் பூச்சு. விலை குறைந்த பெயர் தெரியாத செட்டுகளில் மரையில் துரு ஏறி, உயரத்தை மாற்றத் திருப்பும் வளையம் இறுகிவிட்டால், உயரத்தை மாற்றலாம் என்று கொடுத்த காசு போனதுதான். மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் மரையைக் கழுவி, பிரஷ்ஷால் மணலை எடுத்து, காய வைத்து, வளையத்தை ஒரு சுற்று மேலும் கீழும் திருப்பிப் பழைய இடத்தில் நிறுத்துவேன். வாகனத் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் மனதில் வையுங்கள். பொருளை வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை, பிஎம்டபிள்யூ இசட்4:

சஸ்பென்ஷனுக்குக் காசு எடுக்கும் முன் டயரைப் பாருங்கள் சார். என் கார் ரன்ஃபிளாட் டயரோடு வந்தது. காற்றே இல்லாமல் காரைத் தாங்கக் கூடிய பக்கச்சுவர், காற்று இருக்கும்போதும் கடினமாகத்தானே இருக்கும்? அதே அளவு, அதே சுமைக் குறியீட்டில் சாதாரண டயர் போட்டதும் பாதிக் குலுக்கல் போய்விட்டது. ஸ்டெப்னி வைக்க இடமில்லாத கார், அதனால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் எப்போதும் இருக்கும். டிடி நண்பருக்கு இன்னொரு வழியும் உண்டு: 245/40 ஆர்18-ல் பக்கச்சுவர் 98 மி.மீ., 245/45 ஆர்17-ல் 110 மி.மீ. மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றே, ஸ்பீடாமீட்டர் ஏமாற்றாது.

திருப்பாதிரிப்புலியூர், ஒர்க்‌ஷாப்:

தம்பிங்களா, எந்தப் பிராண்டு என்று இவ்வளவு பேசுகிறீர்கள், மாட்டும் விதத்தையும் பேசுங்கள். காரை லிஃப்டில் தொங்கவிட்டபடியே லோயர் ஆர்ம் புஷ்ஷின் (இணைப்பில் இருக்கும் ரப்பர்) போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரத்தில் எடை உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. ஷாக் மாற்றும்போதே டாப் மவுன்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் ரப்பர் பாகம்), பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழைய மவுன்ட்டில் புது ஷாக் போட்டுவிட்டு "சத்தம் போகலையே" என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம். ஒரு தடவை மட்டுமே இறுக்கக்கூடிய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள்.

முத்தியால்பேட்டை, ஆடி டிடி:

ஐயா, ஸ்பிரிங் மாறாமல் ஷாக் மட்டும் மாற்றினாலும் அலைன்மென்ட் வேண்டுமா?

திருப்பாதிரிப்புலியூர், ஒர்க்‌ஷாப்:

கட்டாயம் வேண்டும். உங்கள் காரில் ஸ்ட்ரட்டை நக்கிளிலிருந்து (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) எடுத்தால்தான் வேலை நடக்கும், சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்கள் பொருந்தியிருக்கும் அடிச்சட்டம்) இறக்கியிருந்தால் அதுவும் இம்மியளவு நகர்ந்திருக்கும். அன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கும் மாற்றியவர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். வழக்கமாக நீங்கள் தனியாகத்தான் ஓட்டுவீர்கள் என்றால், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.