ஒன்றரை டாலர் கேக்: பெர்க்லி மாணவர்கள் நமக்காகவா பேசினாங்க?

கும்பகோணம்_டிகிரி:
நேத்து ஃப்ரீமான்ட்காரன் சார் ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டார்: "அமெரிக்கக் கல்லூரிகள்ல நம்ம பிள்ளைங்களுக்காக முதல்ல வாய் திறந்தது குடியரசுக் கட்சி மாணவர்கள்தான். 2011 பெர்க்லி 'பேக் சேல்' கேக் விற்பனையைப் பாருங்க." பார்த்தேன். ராத்திரி தூக்கம் போச்சு. சேர்க்கையில இனம் பாக்கறதைக் கேலி பண்ண, அந்தப் பசங்க கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்து ஸ்ப்ரௌல் பிளாசாவுல மேசை போட்டு, இனத்துக்கு ஒரு விலைன்னு வச்ச பட்டியல் இது: வெள்ளையருக்கு 2 டாலர், ஆசியருக்கு 1.50, லத்தீனோவுக்கு 1, கறுப்பருக்கு 75 சென்ட், பூர்வகுடிக்கு 25 சென்ட். பெண்ணா இருந்தா இன்னும் 25 சென்ட் கழிவு. நம்ம பிள்ளை எந்த வரியில இருக்கான்? ஒன்றரை டாலர்ல. வெள்ளைக்காரப் பிள்ளையைவிட நமக்கு அரை டாலர் சலுகையாம்! இதுவா நமக்காகப் பேசினது?

ஃப்ரீமான்ட்காரன்:
ஐயா, அது பகடி. கேலிச்சித்திரத்துல மூக்கு நீளமா இருக்குன்னு ஸ்கேல் எடுத்துட்டு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன். சேர்க்கையில இனம், பாலினம் பாக்கலாம்னு எஸ்பி 185ன்னு ஒரு மசோதா வந்தது. அதுக்கு ஆதரவா கவர்னருக்குப் போன் போடச் சொல்லி மாணவர் சங்கத்துல ஏற்பாடு பண்ணாங்க. அதுக்குப் பதிலடிதான் இந்த மேசை. கடைசியில ஜனநாயகக் கட்சி கவர்னர் ஜெர்ரி பிரவுனே அதை வீட்டோ பண்ணார். ஜெயிச்சது யாரு?

கும்பகோணம்_டிகிரி:
ஜெயிச்சது யாருன்னு நான் கேக்கல. ஆசியருக்கு ஒன்றரை டாலர் போட்டது யாரு?

மதுரை_வக்கீல்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. 1996லயே மக்கள் வாக்கெடுப்புல 209ஆம் முன்மொழிவு ஜெயிச்சு, கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள்ல இனம் பாக்கறது தடையாயிடுச்சு. 2011ல இல்லாத சலுகைக்குத்தான் விலைப்பட்டியல் போட்டிருக்காங்க. அது போகட்டும், இந்தச் சண்டைக்கே மூலம் 'பன்முகத்தன்மை', அதாவது எல்லா இனத்துப் பிள்ளைங்களுக்கும் இடம்ங்கறது. அதுல நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? சேர்க்கையையா, வந்த பிள்ளைங்களை நடத்தற விதத்தையா? முதல்ல அதைத் தெளிவு பண்ணிட்டுப் பேசலாமே.

ஃப்ரீமான்ட்காரன்:
வக்கீல் சார், இல்லாத சலுகை இல்லை, கொண்டுவரப் பாத்த சலுகை. அந்த மேசையில வார்ட் கானர்லி வந்து நின்னார். கறுப்பர், அந்தப் பல்கலைக்கழகத்துல ரீஜென்ட்டா, அதாவது ஆட்சிக்குழு உறுப்பினரா இருந்தவர், 209ஐ முன்னால நின்னு நடத்தினவர். அவரையும் இனவெறியர்னு சொல்லிடுவீங்களா?

கும்பகோணம்_டிகிரி:
அந்தச் சொல்லை நான் எங்க எழுதினேன்? காட்டுங்க. காட்ட முடியாது. நான் எழுதினது ஒன்றரை டாலர். சேர்க்கையில இனம் பாக்கக் கூடாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023ல குடுத்த ஹார்வர்ட் தீர்ப்பை, போன வருஷம் 9-0ன்னு எழுதி, தப்புன்னு சொன்னதும் பதிவையே தூக்கின ஆள்தானே நீங்க?

ஃப்ரீமான்ட்காரன்:
அது தட்டச்சுப் பிழை.

கும்பகோணம்_டிகிரி:
6-2 எப்படி சார் 9-0 ஆகும்? விரல் வழுக்கிடுச்சா?

ஆஸ்டின்_அகிலா:
எங்க ஊர்லயும் இந்தக் கூத்து நடந்தது. 2013ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல யங் கன்சர்வேடிவ்ஸ் ஆஃப் டெக்சாஸ்ங்கற பழமைவாத மாணவர் அமைப்பு இதே மாதிரி விலை போட்டு வித்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல 'சட்டவிரோதக் குடியேறியைப் பிடி'ன்னு ஒரு விளையாட்டு அறிவிச்சாங்க. பட்டை ஒட்டிக்கிட்டு வளாகத்துல சுத்தறவங்களைப் பிடிச்சுக் குடுத்தா 25 டாலர் கிஃப்ட் கார்டு. எதிர்ப்பு கிளம்பினதும் கைவிட்டாங்க. ஃப்ரீமான்ட் அண்ணா, அந்தப் பட்டையை உங்க சட்டையில ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க?

ஃப்ரீமான்ட்காரன்:
தங்கச்சி, நான் சட்டப்படி வந்தவன். 14 வருஷம் கிரீன் கார்டு வரிசையில நின்னவன். அந்த வலி உங்களுக்குத் தெரியாது. என் பொண்ணுக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்துல இடம் கிடைக்கல. மார்க் பத்தாதுன்னு சொல்லல, 'ஆளுமை' பத்தாதாம். ஹார்வர்ட் வழக்குல ஆசியப் பிள்ளைங்களுக்கு 'பர்சனல் ரேட்டிங்', அதான் ஆளுமை மதிப்பெண், குறைவா விழுந்தது வெளிய வந்ததே, அதே கதை. அப்ப அந்தப் பசங்க மேசை போட்டது எனக்கு நியாயமாத்தான் படுது.

கும்பகோணம்_டிகிரி:
இப்பதான் சார் நீங்களே வாயால மாட்டினீங்க. உங்க கணக்குப்படி ஆசியப் பிள்ளைதானே அதிக விலை குடுக்குது? அப்ப பட்டியல்ல ஆசியருக்கு இரண்டரை போட்டிருக்கணும், மூணுகூட போட்டிருக்கலாம். ஏன் ஒன்றரை? ஏன்னா அவங்களுக்கு நாமளும் 'சலுகைக்காரன்'தான். நீங்க போய் அந்த மேசைக்குப் பின்னால நின்னுக்கறீங்க, அவங்க உங்களை மேசைக்கு முன்னால நிறுத்தியிருக்காங்க.

பழையசோறு:
பூர்வகுடிப் பொண்ணுன்னா 25ல 25 போக இனாம். எல்லாரும் அந்தப் பக்கமா வரிசை கட்டியிருக்கலாம். 😂

ஃப்ரீமான்ட்காரன்:
டிகிரி, 69 சதவீத ஊர்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

கும்பகோணம்_டிகிரி:
வந்துட்டார்யா! இதைத்தான் எதிர்பார்த்தேன். 2023ல எஸ்பி 403, சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதா வந்தப்ப, "கலிபோர்னியா கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணணும்"னு இங்கே தினம் நாலு பதிவு போட்டது யாரு? வீட்டோ ஆனதும் லட்டு படம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?

ஃப்ரீமான்ட்காரன்:
அது மைசூர்பா. ஏற்கெனவே இருக்கற சட்டமே போதும்னு நியூசமே சொன்னார். இதுக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம்?

மதுரை_வக்கீல்:
நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கு.

ஆஸ்டின்_அகிலா:
வக்கீல் சார், டெக்சாஸ்ல 2024 ஜனவரி 1லேருந்து எஸ்பி 17ங்கற சட்டம் வந்து, அரசுக் கல்லூரிகள்ல பன்முகத்தன்மை அலுவலகங்களையே மூடியாச்சு. வரையறை வச்சு இனி என்ன பண்றது?

ஃப்ரீமான்ட்காரன்:
மூடினா நல்லதுதான். அந்தப் பணத்துல நாலு வாத்தியார் வைக்கலாம். அப்புறம் டிகிரிக்கு ஒரு தகவல்: அன்னிக்கு நூத்துக்கணக்கான பேர் கறுப்பு உடுப்புல வந்து பிளாசாவுல படுத்து எதிர்ப்புக் காட்டினாங்க. யாரும் 'ஆசியருக்கு ஏன் ஒன்றரை'ன்னு கேட்டுப் படுக்கல.

கும்பகோணம்_டிகிரி:
படுத்தவங்க கேக்கலைன்னா நான் கேக்கக் கூடாதா? நான் உக்காந்தே கேக்கறேன். ஏன் ஒன்றரை?

பழையசோறு:
எனக்கு ஒரு சந்தேகம். மேசையில இருந்தது கேக்கா, குக்கீயா? தலைப்புல கேக்னு போட்டிருக்கீங்க.

ஃப்ரீமான்ட்காரன்:
பாத்தீங்களா, தலைப்பே தப்பு. இவர் என் 9-0ஐப் பிடிச்சுத் தொங்கினார்.

கும்பகோணம்_டிகிரி:
கப்கேக்கும் கேக்தான் சார். விலையைச் சொல்லுங்க.