மிசிசிப்பி டெல்டாவில் சின்ன ஊருக்குக் குடிபோறோம், அங்கே இருக்கிறவங்க சொல்லுங்க

மதுரைப்பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் டாக்டர். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் ரெசிடென்சி (டாக்டர்களுக்கான மேல்பயிற்சி) முடிச்சதால, ரெண்டு வருஷம் இந்தியா திரும்பிப் போகணும்ங்கிற விதி இருக்கு. அதுக்கு விலக்கு வேணும்னா டாக்டர் பற்றாக்குறை இருக்கிற ஊரில் 3 வருஷம் வேலை பார்க்கணும். கான்ராட் 30 திட்டம்னு பலருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு மிசிசிப்பியில் இடம் கிடைச்சிருக்கு. கிரீன்வுட்டுக்கும் இண்டியனோலாவுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஜூலையில் போய்ச் சேரணும்.

இப்போ நியூ ஜெர்சியில் இருக்கோம். தெரு முனையிலேயே இட்லி மாவு கிடைக்குது. மகளுக்கு 7 வயசு. அங்கே நான் எச்-4, அதாவது அவர் விசாவை ஒட்டின துணை விசா, அதில் வேலைக்குப் போக முடியாது. சைவம். அவர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா நானும் பாப்பாவும் அங்கே என்ன பண்ணுவோம்னு நினைச்சாலே தூக்கம் போயிடுது. இணையத்தில் தேடினா அந்த ஊரைப் பத்தி வறுமை, பழைய கொலை வழக்கு, சூறாவளி, இவ்வளவுதான் வருது. ஜனங்க எப்படி? நம்மளைச் சேர்த்துக்குவாங்களா? எப்பவும் சர்ச்சுக்கு வரச் சொல்லிக்கிட்டே இருப்பாங்கன்னு ஒரு தோழி சொல்றா. அங்கே வாழ்ந்தவங்க யாராவது இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

கணக்கு டீச்சர் எழுதியது:

வாங்க தங்கச்சி. நான் ஹைவே 82 ஓரத்துல ஒரு ஊர்ல அரசுப் பள்ளியில கணக்குச் சொல்லித் தரேன். என் பிள்ளைங்க வளர்ந்தது இங்கதான். பயப்படாதீங்கன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடலாம், ஆனா நீங்க கேட்டதுக்கு அது பதில் ஆகாது.

முதல்ல நிலத்தைச் சொல்லிடறேன். பேருதான் டெல்டா, கடலைக் கண்ணுல பார்க்க மாட்டீங்க. மிசிசிப்பி ஆத்துக்கும் யாசூ ஆத்துக்கும் நடுவுல கிடக்கிற வண்டல் பூமி. மேடுன்னு ஒண்ணு கிடையாது. சோயா, பருத்தி, சோளம், நெல், பெல்சோனி பக்கம் போனா கெளுத்தி மீன் வளர்க்கிற குளம். கோடையில விடியக்காலம் மருந்தடிக்கிற குட்டி விமானம் கூரைக்கு மேல போகும், பாப்பா பயந்துடாம முன்னாடியே சொல்லி வைங்க. அக்டோபர்ல பருத்தி எடுத்து, பெரிய பெரிய உருளையாச் சுத்தி வயலோரம் வச்சிருப்பாங்க. எனக்கு வருஷத்துலயே பிடிச்ச மாசம் அதுதான்.

ஜனங்க எப்படின்னு கேட்டீங்க. குடிபோன வாரத்துலயே யாராவது கேக்கோ கேசரோலோ எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அந்தப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுக்காதீங்க. மசால்வடை போடுங்க, ஊர் முழுக்க உங்களைத் தெரிஞ்சிடும். ரோட்டுல எதிர்ல வர்ற வண்டிக்காரர் ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்க. சாவு ஊர்வலம் வந்தா, எதிர்த்திசையில போற வண்டி கூட ஓரங்கட்டி நின்னுடும். செத்தவர் யாருன்னு தெரியணும்னு அவசியமில்லை. இந்த ஊர்ல நான் மனசாரக் கும்பிடற வழக்கம் அது.

"எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" நிச்சயம் கேப்பாங்க. மதம் மாத்தறதுக்குன்னு எடுத்த எடுப்பிலேயே நினைச்சுக்காதீங்க. யாருக்கு ஒடம்பு முடியலை, யார் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பணும், எந்தப் பையனுக்கு காலேஜ் போகப் பணம் வேணும், எல்லாம் அங்க வச்சுத்தான் முடிவாகும். புதன் சாயந்தரம் சர்ச் நேரம்னு ஊரே அதுக்கு ஏத்த மாதிரி ஓடும். "நாங்க இந்து, எங்க கோயில் ஜாக்சன் பக்கம் பிராண்டன்ல இருக்கு"ன்னு சிரிச்சு சொல்லுங்க. பெரும்பாலானவங்க "சரி, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்காவது வாங்க"ம்பாங்க. அப்புறமும் விடாம வற்புறுத்தறவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க. மரியாதையா ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இங்க நிறைய ஊரை ரயில் தண்டவாளம் ரெண்டாப் பிரிக்குது. ஒரு பக்கம் கறுப்பின மக்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரங்க. சர்ச் ரெண்டு, சாவு வீட்டுக்காரியம் பார்க்கிற நிறுவனம் ரெண்டு, கல்லறை கூட ரெண்டு. பழைய கொலை வழக்குன்னு நீங்க பார்த்தது எம்மட் டில் பத்தியதா இருக்கும். 1955 ஆகஸ்ட்ல, 14 வயசுக் கறுப்பினப் பையனை வெள்ளைக்காரங்க கொன்னாங்க, கிரீன்வுட்டுக்கு வடக்கே மணிங்கிற இடத்துல ஒரு கடையில தொடங்கினது. 2022-ல கிரீன்வுட்லயே அந்தப் பிள்ளைக்குச் சிலை வச்சாங்க. பாப்பா கொஞ்சம் பெரியவளானதும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, மறைக்காதீங்க.

பள்ளிக்கூடமும் இதே கதைதான். 1969 அக்டோபர்ல பக்கத்து ஹோம்ஸ் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வழக்குல, இனி தாமதம் கூடாது, உடனே எல்லாப் பிள்ளைகளையும் ஒண்ணாப் படிக்க வைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வெள்ளைக்காரக் குடும்பங்க பல ஊர்ல அகாடமின்னு தனியார் பள்ளி ஆரம்பிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுல பல அகாடமி இன்னிக்கும் நடக்குது. இப்ப எல்லாரையும் சேர்த்துக்கறாங்க, ஆனாலும் டெல்டாவுல அரசுப் பள்ளின்னா பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைங்கதான்.

நாம இதுல எந்தப் பக்கம்? இந்தக் கேள்வி நமக்கு முன்னாடியே வேற ஒருத்தருக்கு வந்திருக்கு. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் டெல்டாவுக்கு வந்த சீனக் குடும்பங்க, கறுப்பின மக்கள் இருக்கிற தெருவுல மளிகைக் கடை வச்சுப் பிழைச்சாங்க. ரோஸ்டேல்ல மார்த்தா லம்னு ஒரு சீனப் பொண்ணை வெள்ளைக்காரப் பள்ளியில இருந்து அனுப்பிட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1927-ல அந்தக் குடும்பம் தோத்துப்போச்சு. இன்னிக்கு உங்களை யாரும் அப்படி நிறுத்த மாட்டாங்க. அதுவும் டாக்டர் வீட்டம்மான்னா ரெண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும். அந்த வசதி இங்கயே பிறந்து வளர்ந்தவங்க நிறைய பேருக்கு இல்லை. நான் பார்த்த நம்ம ஆளுங்க பல பேர், வசதியா இருக்கிற பக்கத்துலயே வீடு, அங்கயே சிநேகம், அங்கயே பள்ளின்னு மூணு வருஷத்தை முடிச்சுட்டு டல்லாஸுக்கோ அட்லாண்டாவுக்கோ போயிடறாங்க. ஊர்ல பாதியை அவங்க பார்க்கவே இல்லை. எனக்கு இது ரொம்ப வருத்தம். உங்க வீட்டுக்காரர்கிட்ட வைத்தியத்துக்கு வரப்போறவங்க பெரும்பாலும் அந்தப் பாதியில இருந்துதான் வருவாங்க. சர்க்கரை, ரத்த அழுத்தம், கிட்னி, எல்லாம் இங்க அதிகம்.

டாக்டர் சாருக்கும் ஒண்ணு சொல்லுங்க. இங்கிருந்து வடமேற்கே மவுண்ட் பயூன்னு ஒரு ஊர். அடிமைத்தளையில இருந்து வெளியே வந்தவங்க 1887-ல அவங்களாவே அமைச்ச ஊர். 1967-ல அங்க தொடங்கின சுகாதார மையத்துல, சத்தில்லாம வர்ற குழந்தைகளுக்கு டாக்டருங்க மருந்துச் சீட்டுல சாப்பாட்டையே எழுதிக் கொடுத்தாங்க. ஊர் மளிகைக் கடையில அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிக்கலாம். மருந்துக் கணக்குல ஏன் சாப்பாடுன்னு கேட்டதுக்கு, பசிக்கு மருந்து சாப்பாடுதானேன்னாங்க. சேர்ந்த முதல் மாசமே அவர் அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ட்டு வரணும்.

சூறாவளி நிஜம். 2023 மார்ச் 24 ராத்திரி ரோலிங் ஃபோர்க் ஊரை அடிச்சுத் தரைமட்டமாக்கிடுச்சு. சைரனை மட்டும் நம்பாதீங்க, தூக்கத்துல வீட்டுக்குள்ள கேக்காது. பேட்டரியில ஓடற வானிலை ரேடியோ ஒண்ணு படுக்கை பக்கத்துல வைங்க. வாடகைக்குப் பார்க்கும்போதே ஜன்னல் இல்லாத நடு அறை இருக்கான்னு பாருங்க. மொபைல் ஹோம், அதான் இழுத்துட்டு வந்து வைக்கிற லேசான வீடு, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பருத்திக்காடு எழுதியது:

டீச்சரம்மா சொன்னதுக்கு மேல பெருசா இல்லீங்க. நான் கோயமுத்தூர் வேளாண் பல்கலையில படிச்சுட்டு இங்க ஸ்டோன்வில் ஆராய்ச்சி நிலையத்துல களைச்செடி வேலை பார்க்கறேன். சாப்பாடும் தோட்டமும் மட்டும் சொல்றனுங்க.

மளிகைக்கு ஜாக்சன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, மெம்பிஸ் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. மாசம் ஒருக்கா போய் பருப்பு, அரிசி அள்ளிட்டு வந்துருங்க. ஆனா காய்க்குப் போக வேண்டியதில்லை. வெண்டைக்காய் இந்த ஊர்க் காய். தட்டைப்பயறும் அப்படியே, பர்பிள் ஹல்னு சொல்வாங்க, ஊதாத் தோல் இருக்கும். ரெண்டும் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாக் கொண்டாந்த ஜனங்களோட வந்த பயிருங்க. கோடையில ரோட்டோரமா டிரக்குல வச்சு விப்பாங்க. வேக வச்ச கடலையும் பெட்ரோல் பங்குல சுடச்சுடக் கிடைக்கும்.

சைவம்னா ஒரு எச்சரிக்கை. ஓட்டல்ல கீரையும் பீன்ஸும் பார்த்தா சைவம் மாதிரியே இருக்கும், உள்ளே பன்றிக்கறித் துண்டு போட்டு வேக வச்சிருப்பாங்க. கேட்டுட்டே சாப்பிடுங்க, மறைக்காம சொல்வாங்க. சோளரொட்டியும் விசாரிச்சுக்கங்க, சில இடத்துல பன்றிக்கொழுப்பு சேர்ப்பாங்க.

மண்ணு ஷார்க்கி களிமண். மழையில ஒட்டும், வெயில்ல கை நுழையற அளவு வெடிக்கும். மேட்டுப்பாத்தி போட்டு மக்கு உரம் கலந்தா புடலை, பாகல், அவரை எல்லாம் வரும். கறிவேப்பிலையைத் தொட்டியில வச்சு, நவம்பர்ல பனி விழறதுக்குள்ள வீட்டுக்குள்ள எடுத்துடுங்க. வயலை ஒட்டின வீடா இருந்தா களைக்கொல்லி காத்துல வரும். தக்காளி, அவரை இலை கிண்ணம் மாதிரி சுருண்டா நோவுன்னு நினைச்சு மருந்தடிக்காதீங்க. பக்கத்து வயல்காரர்கிட்ட முன்னாடியே போய், இங்க தோட்டம் போட்டிருக்கேன்னு சொல்லி வைங்க. காத்து உங்க பக்கம் திரும்புற நாள்ல அடிக்காம நிறுத்தி வைக்கிற நல்ல மனுசங்க நிறைய பேர் இருக்காங்க.

டெல்டாவில் வளர்ந்தவள் எழுதியது:

ஆன்ட்டி, நான் இங்கே வளர்ந்த பொண்ணு, இப்போ வெளியூரில் படிக்கிறேன். பாப்பாவைப் பத்தி மட்டும் சொல்றேன்.

வகுப்பில் இந்தியப் பிள்ளை அவ ஒருத்தியாத்தான் இருப்பா, இல்லேன்னா கூட ஒரு குஜராத்திப் பிள்ளை இருக்கும். ஹைவேயில் இருக்கிற மோட்டல்களில் பல குஜராத்திக் குடும்பங்களோடது, நவராத்திரிக்கு ஹால் எடுத்து கர்பா ஆடுவாங்க. நீங்க போய் நின்னா போதும், அடுத்த வருஷம் கொலுவுக்கு அவங்க உங்க வீட்டில் இருப்பாங்க. பெரியவங்க யார் பேசினாலும் "யெஸ் மேம், யெஸ் சார்" சொல்லப் பழகிடுவா. உங்களையும் ஊரே பேருக்கு முன்னாடி மிஸ் போட்டுத்தான் கூப்பிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ஆட்டம் புரியலைன்னா பரவாயில்லை, பேண்டுக்காகப் போங்க. நான் டிரம்ஸ் பிடிச்சது அந்த மைதானத்தில் உட்கார்ந்துதான். இண்டியனோலாவில் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் அருங்காட்சியகம் இருக்கு, 2008-ல் திறந்தது. அவரை அடக்கம் பண்ணியிருக்கிறதும் அங்கேதான்.

அம்மாவுக்குத்தான் முதல் குளிர்காலம் ரொம்பத் தனிமையா இருந்தது. அறுவடை முடிஞ்சதும் சுத்திலும் வெறும் மண்ணு, அஞ்சு மணிக்கே இருட்டு. ஆன்ட்டி, கார் ஓட்ட இப்பவே கத்துக்கோங்க. பஸ்ஸை நம்பி இங்கே எங்கேயும் போக முடியாது.

மதுரைப்பெண் எழுதியது:

மூணு பேருக்கும் கோடி நன்றி. அவரும் நானும் உட்கார்ந்து ரெண்டு தடவை படிச்சோம். டீச்சரக்கா, ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரியில் ஒருத்தர் அகாடமியில் சேர்க்கச் சொல்லி ஃபார்மே அனுப்பிட்டார். அரசுப் பள்ளியில் போட்டா பாப்பா படிப்பு கெட்டுடுமோன்னு வீட்டுக்காரருக்குப் பயம். உங்க பிள்ளைங்க எங்கே படிச்சாங்க? அப்புறம், வேலை பார்க்க முடியாத நான் அங்கே என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர் எழுதியது:

என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அரசுப் பள்ளிதான். அங்க குறை இருக்கு. வருஷ நடுவுல டீச்சர் விட்டுட்டுப் போயிடுவாங்க, சில பாடத்துக்கு ஆளே கிடைக்காது, மேல்வகுப்பு வந்தா கணக்கும் அறிவியலும் வீட்டுல கூடுதலாச் சொல்லித் தரணும். 7 வயசுக்கு வேண்டியது வாசிப்பும் நல்ல டீச்சரும். மூணாம் வகுப்பு முடிவுல மாநில வாசிப்புத் தேர்வு உண்டு, அதனால சின்ன வகுப்புல வாசிப்பைக் கண்ணுல எண்ணெய் விட்டுப் பார்க்கறாங்க. ஃபார்ம்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பள்ளிக்கும் போங்க. தலைமை ஆசிரியர் அறையில உட்கார்ந்து பேசிட்டு வந்துடாதீங்க, மதியச் சாப்பாட்டு நேரத்துல போய்ப் பிள்ளைங்களைப் பாருங்க. பார்த்துட்டு அகாடமிதான்னு முடிவு பண்ணினாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா போய்ப் பார்க்காமலே முடிவு பண்ணாதீங்க.

நீங்க செய்ய நிறைய இருக்கு. சம்பளம் வாங்காம பள்ளியில பிள்ளைங்களை உட்கார வச்சு வாசிக்கச் சொல்லலாம், நூலகத்துல கோடையில கதை நேரம் நடத்தலாம். ரெண்டுலயும் எப்பவும் ஆள் பத்தாது. என் வகுப்புல பெருக்கல் வாய்ப்பாடு தெரியாம ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளைங்க இருக்காங்க. வாரத்துல ஒரு மணி நேரம் ஒரு பிள்ளை பக்கத்துல யாராவது உட்கார்ந்தா அந்த வருஷத்துலயே வித்தியாசம் தெரியும்.

பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்துலயே திறந்துடும், அதனால ஜூலையிலயே பதிவு பண்ணிடுங்க. முகவரிக்கு ரெண்டு ஆதாரம் கேப்பாங்க, வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் போதும். தடுப்பூசிக்கு மிசிசிப்பியோட படிவம் 121 வேணும். நியூ ஜெர்சி ரெக்கார்டை அப்படியே கொடுத்தா எடுத்துக்க மாட்டாங்க, கவுண்டி சுகாதார அலுவலகத்துல மாத்தி வாங்கணும். அங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பாப்பாவோட ஊசி விவரம் முழுசா வாங்கிக் கைப்பையிலயே வச்சுக்கங்க. சாமான் வண்டியில போட்டா வந்து சேர நாளாகும்.